பேராதனையில் ரேடியோகிராபி கிடைத்திருக்கிறது, போகலாமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை எழுதியிருக்கிறார். மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) கொஞ்சம் போதவில்லை. பேராதனையில் ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படமெடுக்கும் துறை, அந்தப் பட்டப்படிப்புக்குப் பெயர் வந்திருக்கிறது. பதிவு செய்யலாமா, மூன்றாம் தடவையும் எழுதிப் பார்க்கலாமா என்பது அவருடைய கேள்வி. இதற்கிடையில் அக்கரைப்பற்றில் இருக்கும் மாமி, "கதிர் பட்டா பிள்ளை குட்டி கிடைக்காது, பொம்பிளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாராம். அண்ணன், "பட்டன் அமத்துறதுக்கு நாலு வருசமா" என்று சிரிக்கிறாராம்.

பார்த்தால் மூன்று கேள்வி மாதிரி இருக்கிறது. நான் வாசித்தவரை அடியில் கிடப்பது ஒன்றுதான்: இது மருத்துவம் தவறிப்போனவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசா, நம்பி இறங்கக்கூடிய தொழிலா? அதைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் மாமியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. அதனால் மாமியிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அரச வைத்தியசாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் ரேடியோகிராபராக வேலை செய்தவள். நான் படித்தது கொழும்பில், சுகாதார அமைச்சின் இரண்டு வருட டிப்ளோமா. பட்டம் படித்து வந்த பிள்ளைகளோடு பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன், ஆனால் அவர்களுடைய வகுப்பறையில் இருந்தவள் அல்ல. எனவே தொழிலைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்வதை இப்போது அங்கே படிக்கும் யாரிடமாவது ஒருதடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கதிர். எக்ஸ்ரே குழாய்க்குள் எலக்ட்ரோன்களை வேகப்படுத்தி டங்ஸ்டன் தகட்டில் மோத விடுகிறோம். அந்தச் சக்தியில் நூற்றுக்கு 99 பங்கு வெறும் சூடாகப் போய்விடும், மிச்சம் ஒரு பங்குதான் எக்ஸ்ரே. அதுவும் பட்டன் அமத்தியிருக்கும் அந்த ஒரு நொடிக்குள் மட்டும். டோர்ச் லைட்டை அணைத்த பிறகு அறைக்குள் வெளிச்சம் தங்கி நிற்காது, அதுபோலத்தான் இதுவும். படம் எடுத்து முடித்த அறையில் கதிர் என்று எதுவும் கிடையாது. மேசையில் இல்லை, சுவரில் இல்லை, நோயாளியின் உடம்பிலும் இல்லை. எங்கள் வார்ட் ஆட்களிலேயே சிலர் எக்ஸ்ரே அறை வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

பிள்ளைப்பேறு பற்றி எண்களில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆறுதல் வார்த்தை உதவாது. எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அதை ஆதாரமாகக் காட்ட மாட்டேன். ஒருத்தியின் கதை ஆதாரமாகாது. அளவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். மண்ணிலும் காற்றிலும் வானத்திலும் இருந்து மனிதருக்கு இயற்கையாகவே வந்து சேரும் கதிர் உலக சராசரியில் வருடத்துக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). கதிருடன் வேலை செய்பவர்களுக்குச் சர்வதேச கதிர்ப்புப் பாதுகாப்பு ஆணைக்குழு வைத்திருக்கும் எல்லை, ஐந்து வருடச் சராசரியாகப் பார்த்தால் வருடத்துக்கு 20. சாதாரண எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கேன் (எக்ஸ்ரேயால் உடம்பைக் குறுக்குவெட்டாகப் படமெடுப்பது) வேலை செய்யும் ரேடியோகிராபர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு வருடத்தில் 1ஐக்கூடத் தொடுவதில்லை. அதை நெஞ்சில் குத்தியிருக்கும் சின்ன பட்ஜ் அளந்துகொண்டே இருக்கும். பெண்ணின் சூலகம் நிரந்தரமாகச் செயலிழக்க வேண்டுமென்றால் ஒரே தடவையில் நேரே அதன்மேல் விழ வேண்டிய அளவு ஆயிரக்கணக்கில், 2500இலிருந்து 6000 மில்லிகிரே வரை. எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை மில்லிகிரேயையும் மில்லிசீவர்ட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே வைத்து ஒப்பிடலாம். புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை எடுப்பவர்களுக்குத்தான் அந்த அளவு வரும். மாமி சொன்னது தவறு என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம்.

தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. இவ்வளவு சிறிய அளவுக் கதிர் பல வருடம் பட்டால் புற்றுநோய் வாய்ப்பு ஒரு துளி கூடுமா, கூடாதா என்று விஞ்ஞானத்தால் இன்னும் உறுதியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. கூடும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். அதனால்தான் ஈயக் கவசம், சுவர், தூரம் எல்லாம். தூரம்தான் இதில் மலிவான மருந்து. கதிர் வருகிற இடத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் உங்கள்மேல் விழுவது நான்கில் ஒன்றாகிவிடும். சத்திரசிகிச்சைத் தியேட்டரில் எலும்பு முறிவைச் சரிசெய்யும்போது சீ-ஆர்ம் என்ற நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே இயந்திரத்தைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அங்கேதான் கொஞ்சம் கவனமாக நிற்க வேண்டும். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டருக்கு உங்களை விட அதிகம் படும், அவருக்கு அது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. கர்ப்பமானால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும், வெட்கப்பட்டு மூன்று மாதம் ஒளித்து வைக்கக் கூடாது. சொன்ன நாளிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அநேகமாகத் தியேட்டரிலிருந்தும் பேரியம் மருந்து கொடுத்து எக்ஸ்ரேயில் பார்ப்பது போன்ற பரிசோதனைகளிலிருந்தும் எடுத்துவிடுவார்கள், மற்ற வேலை வழக்கம்போல நடக்கும். நம் நாட்டில் இதைக் கண்காணிக்க 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபை இருக்கிறது. எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதனிடம் அனுமதி எடுக்க வேண்டும்.

மாமி பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு உண்டு. ஒன்று முதுகு. தென்னையிலிருந்து விழுந்தவரை, யானை அடித்தவரைத் தள்ளுவண்டியிலிருந்து மேசைக்கு மாற்றுவது யார் என்று நினைக்கிறீர்கள்? மற்றது இருமல். காசநோய் சந்தேகத்தில் வருகிறவரை மூடிய ஏ.சி. அறைக்குள் வைத்து, "நல்லா மூச்ச இழுங்க" என்று நாமே சொல்கிறோம். எக்ஸ்ரேயை விட அந்த மூச்சுக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். முகக்கவசம் போடாமல் அந்த அறையில் நிற்காதீர்கள். இரவு ஒன்-கோல் இன்னொன்று. விடியச்சாமம் இரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தால் எழுந்து போகத்தான் வேண்டும். கலியாணம் கட்டின பிறகு இதை வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் பெண் பிள்ளைகளுக்கு உண்மையான கேள்வி. கதிர் அதற்கெல்லாம் பிறகு.

இனி அண்ணனின் பட்டன். எல்லாவற்றிலும் சாதாரணமான நெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டமாவடியிலிருந்து ஓர் உம்மா வந்திருக்கிறார். முதலில் அபாயாவில் ஊசி இருக்கிறதா, கழுத்தில் தாயத்து இருக்கிறதா, சங்கிலி இருக்கிறதா என்று கேட்டுக் கழற்ற வைக்க வேண்டும், அதுவும் அவர் மனம் நோகாமல், ஆம்பிளையள் எட்டிப் பார்க்காத இடத்தில். பின்னல் தோளில் தொங்கினால் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலின் மேல் நுனியில் அது ஒரு நிழலாக விழுந்து காசநோய்த் தழும்பு மாதிரி ஏமாற்றும். நெஞ்சு பலகையில் முட்டும்படி நிறுத்தி, நாடியை உயர்த்தி, இரண்டு தோளையும் முன்னுக்கு உருட்டினால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். குழாய் 180 சென்றிமீற்றர் பின்னால் இருக்க வேண்டும். கிட்ட வந்தால் இருதயம் பெரிதாகத் தெரியும். மூச்சை ஒருதடவை இழுத்து விடச் சொல்லி, இரண்டாவது தடவை இழுத்துப் பிடிக்கும்போது எடுக்க வேண்டும், ஏனென்றால் முதல் மூச்சில் யாரும் முழுதாக இழுப்பதில்லை. படம் வந்ததும் காறை எலும்புகளின் உள்முனை இரண்டும் முள்ளந்தண்டின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா பார்ப்பேன். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார். முன் விலா எலும்பு ஆறு பிரிமென்றகட்டுக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே எண்ண வரவில்லையென்றால் மூச்சுப் போதவில்லை. மூச்சுப் போதாத படத்தில் நல்ல இருதயமும் வீங்கினதாகத் தெரியும், அந்த உம்மா தேவையில்லாமல் இருதயப் பரிசோதனைக்கு மட்டக்களப்புக்கு அலைய வேண்டி வரும். நிற்க முடியாதவரை இருத்தி முன்பக்கமிருந்து எடுத்தால், அப்படித்தான் எடுத்தது என்று படத்தில் போட்டே ஆக வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பட்டன், அது பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை.

சின்னப் பிள்ளை கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கையை அசைக்க விடாமல் கத்தும்போது அதைச் சரியான பக்கவாட்டில் வைத்து எடுப்பது இன்னொரு கலை. மீன் முள் தொண்டையில் சிக்கினவர்கள் நம் கரையில் வாராவாரம் வருவார்கள். சில மீனின் முள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, படத்தில் இல்லை என்பதால் தொண்டையில் இல்லை என்று ஆகாது. சி.ரி.யில் அயடீன் மருந்து ஏற்றும் முன் சிறுநீரகம் எப்படி, ஆஸ்துமா இருக்கா, முந்தி மருந்து ஏற்றி ஏதும் அலர்ஜி வந்ததா, நீரிழிவுக்கு மெட்போமின் குடிக்கிறாரா என்று கேட்க வேண்டும். உடம்பெல்லாம் சூடாக வரும், மூத்திரம் போன மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்காது என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ஆள் பதறி அசைந்து படம் கெட்டுவிடும். பக்கவாதம் வந்தவருக்கு மருந்து ஏற்றாத தலை ஸ்கேன் முதலில், மூளையில் இரத்தக்கசிவு உண்டா என்று பார்க்க. அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதென்றால் நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அந்த நேரத்தில் ஒரு பகுதி உங்கள் கையில் இருக்கும். காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது, ஆனால் அந்தக் காந்தம் இரவு பகல் அணைவதே இல்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஒட்சிசன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் இறந்தே போனார். அந்தக் கதவில் நின்று "உள்ளே வராதீங்க" என்று டொக்டரையும் தாதியையும் மறிக்கும் அதிகாரமும் பொறுப்பும் ரேடியோகிராபருடையது. இதற்கு நாலு வருடம் கூடவா என்று அண்ணனிடம் திருப்பிக் கேளுங்கள்.

படிப்புக்கு வருவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பீடத்தில் மருத்துவமும் தாதியமும் உண்டு, ரேடியோகிராபிக்கு நம் பிள்ளைகள் மலைக்குத்தான் ஏற வேண்டியிருக்கிறது. பேராதனை இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இது நான்கு வருடச் சிறப்புப் பட்டம், ஆங்கில மொழிமூலம். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், கதிர்ப்புப் பௌதிகம், படமெடுக்கும் நுட்பம், சி.ரி., எம்.ஆர்.ஐ., கதிர் மருத்துவம், புள்ளிவிபரம், கடைசியில் ஓர் ஆய்வு. இதன் பெரும் பகுதி கண்டிப் பக்கத்து வைத்தியசாலைகளில் நின்று பழகுவதுதான். ரேடியோதெரபி என்பது வேறு, புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் துறை. பெயர் ஒத்திருக்கிறதே என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் உங்கள் கடிதத்தில் எது இருக்கிறது என்று சரியாகப் பாருங்கள்.

உயிரியல் பிள்ளைகளை அங்கே கவிழ்ப்பது பௌதிகம். உயர்தரத்தில் உயிரியலை உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு, பௌதிகத்தில் எப்படியோ ஒரு எஸ் (ஆகக் குறைந்த சித்தி) எடுத்துத் தப்பியவர்கள் பலர். இங்கே அது தப்பவே விடாது. குழாயின் மின்னழுத்தமான கிலோவோல்ட்டைக் கூட்டினால் படத்தின் கறுப்பு வெள்ளை வித்தியாசம் ஏன் குறைகிறது, எலும்பு ஏன் வெள்ளையாகவும் காற்று ஏன் கறுப்பாகவும் விழுகிறது, எம்.ஆர்.ஐ.யில் ஐதரசன் அணுவின் புரோத்தன் ஏன் ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலைக்கு மட்டும் அசைகிறது, எல்லாமே பௌதிகம். பழைய பாடக் குறிப்பை எறிந்துவிடாதீர்கள், கடைசி அலகில் ஒளிமின் விளைவும் எக்ஸ்ரேயும் வரும் பகுதியை இப்போதே திரும்ப எடுத்துப் பாருங்கள். அதை வாசிக்க எரிச்சலாக இருந்தால் யோசிக்க வேண்டும், கடினமாக இருந்தாலும் சுவாரசியமாக இருந்தால் போங்கள். மாமியின் பேச்சை வைத்தும் அண்ணனின் சிரிப்பை வைத்தும் எடுக்க வேண்டிய முடிவு அல்ல இது, இந்த ஒரு அலகை வைத்து எடுக்கலாம்.

மொழியும் ஒரு மலைதான். வகுப்பு ஆங்கிலம், நோயாளி பெரும்பாலும் சிங்களம். "ஹுஸ்ம கன்ன, அல்லாகென இன்ன" என்று மூச்சைப் பிடிக்கச் சொல்வதிலிருந்து தொடங்கி, எங்கே நோவு, எப்போது விழுந்தது என்று கேட்கும் அளவுக்குச் சிங்களம் வேண்டும். அங்கே போய் ஆறு மாதத்தில் வந்துவிடும், பயப்பட வேண்டாம். அம்பாறையில் வேலை கிடைத்தால் அது அப்படியே கைகொடுக்கும். மகா ஓயா, மஹியங்கனை வழியாகப் பஸ்ஸில் போனால் பதினெட்டு வளைவில் வாந்தி வரும், பொலித்தீன் பை கொண்டு போங்கள்.

டிப்ளோமாவா பட்டமா என்று சிலர் குழப்புவார்கள். டிப்ளோமாவுக்குச் சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கேட்கும்போதுதான் போடலாம், இரண்டு வருடம், பயிற்சியின்போது கொடுப்பனவு உண்டு. வீட்டில் உடனே உழைக்க வேண்டிய நிலை என்றால் அது கெட்ட வழி அல்ல, நான் அதில் வந்தவள்தான். ஆனால் பட்டத்துக்கு இடம் கையில் இருக்கும்போது அதை விட்டு டிப்ளோமாவுக்குக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். மேற்படிப்பு, விரிவுரையாளர் வேலை, வெளிநாட்டுப் பதிவு எல்லாவற்றுக்கும் பட்டம் கதவைத் திறக்கும். இங்கே வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். இங்கிலாந்து என்றால் அங்குள்ள சுகாதாரத் தொழில்களுக்கான சபை தனியாக உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கும், அதனால் முதல் வருடத்திலிருந்தே பாடத்திட்டத்தையும் பயிற்சிக் குறிப்பேட்டையும் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

பட்டம் முடித்த கையோடு மட்டக்களப்பிலேயே வேலை என்று யாரும் உறுதி தர முடியாது, தந்தால் நம்பாதீர்கள். அரச நியமனம் எப்போது வரும் என்பது அமைச்சு எப்போது ஆள் எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் நியமனம் வெற்றிடம் இருக்கும் இடத்துக்குத்தான் வரும், அது மொனராகலையாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு இடமாற்றம் கேட்டு ஊர்ப்பக்கம் வருவார்கள். நம் பகுதியில் போதனா வைத்தியசாலையைத் தவிர களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஆதார வைத்தியசாலைகள் வரிசையாக இருப்பதால் திரும்பி வர ஒரு வழி எப்படியும் இருக்கும். எத்தனை வருடத்தில் என்பதுதான் சொல்ல முடியாதது. கணினி வந்து ரேடியோகிராபரின் வேலையைப் பறித்துவிடும் என்ற பேச்சும் உண்டு. படம் வாசிப்பதில் அது நிறைய மாற்றம் கொண்டுவரும். கத்துகிற பிள்ளையின் முழங்கையை அது எப்படிப் பிடிக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக, மூன்றாம் தடவை. இதில் உங்களுக்காக முடிவெடுக்க நான் யாருமல்ல, ஆனால் இரண்டு விஷயம் சொல்லலாம். ரேடியோகிராபியிலிருந்து மருத்துவத்துக்கு ஏணி கிடையாது. உள்ளே போய்ப் பிறகு மாறலாம் என்று நினைத்துப் பதிவு செய்யாதீர்கள். பதிவு செய்தபின் மறுபடி விண்ணப்பிப்பதற்கு விதிகள் இருக்கின்றன, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலில் அந்தப் பகுதியை நீங்களே வாசியுங்கள், டியூஷன் மாஸ்டர் சொன்னதை வைத்து நடக்காதீர்கள். மற்றது, இந்தத் தொழிலில் படத்தை முதலில் பார்ப்பது நீங்கள், ஆனால் "என்ன தெரியுது மகள்?" என்று நோயாளி கேட்டால் "டொக்டர் சொல்லுவார்" என்று மட்டுமே சொல்லலாம். கட்டியைக் கண்ணால் கண்டுவிட்டும் அதைச் சொல்லாமல், முகத்திலும் காட்டாமல் அவரைக் கைபிடித்து மேசையிலிருந்து இறக்க வேண்டும். வாட்டில் இருக்கும் இளம் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து "இதைக் கொஞ்சம் கெதியாப் பாருங்க" என்று சொல்லலாம், பல தடவை அதுவே ஆளைக் காப்பாற்றும், ஆனால் நன்றி டொக்டருக்குத்தான் போகும். இதைத் தாங்க முடியாது, அந்த டொக்டரின் நாற்காலியில் நானே இருக்க வேண்டும் என்று மனம் அடித்தால் மூன்றாம் தடவை எழுதுங்கள். அது வீம்பு அல்ல. பரவாயில்லை என்று தோன்றினால் பதிவு செய்துவிட்டு, பிறகு பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பதிவு செய்வதென்றால் ஒரு சின்ன வேலை: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் உங்கள் சுகாதாரக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். பெரியவர்களுக்கு அது மூன்று ஊசி, முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. வாட்டில் கால் வைக்கும் முன் முடிந்திருந்தால் நல்லது.